ஒரு செம்புத் தண்ணீர்

என் அம்மாவிடம் ஒரு பித்தளைச் செம்பு இருக்கிறது. கழுத்துப் பக்கம் ஓரிடத்தில் நசுங்கியிருக்கும். வருஷம் முழுக்க சாமி மேடைக்குக் கீழே கவிழ்ந்தே கிடக்கும். ஜூலை கடைசி வாரத்தில் அம்மா அதை எடுத்துப் புளி போட்டுத் தேய்த்து, துடைத்து, நிமிர்த்தி வைப்பார். ஏன் என்று வீட்டில் யாரும் கேட்பதில்லை. எல்லாருக்கும் தெரியும்.

1988 ஜூலை 31, ஞாயிற்றுக்கிழமை. எனக்கு அப்போது 13 வயது. அம்மாவும் பக்கத்து வீட்டு அக்காவும் விடிகாலையிலேயே கிளம்பி புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் கோவில் திருவிழாவுக்குப் போயிருந்தார்கள். அக்கா கத்தோலிக்கர். எங்கள் வீட்டில் முருகனும் மாரியம்மனும்தான். ஆனால் அண்ணனுக்கு மஞ்சள் காமாலை வந்து தேறியபோது அம்மா அன்னம்மாளிடமும் ஒரு மெழுகுவர்த்தி நேர்ந்திருந்தார். மலேசியாவில், எங்கள் பினாங்கில் இதை யாரும் விசேஷமாகப் பேச மாட்டார்கள். அன்னம்மாளிடம் போகிற கூட்டத்தில் இந்துவும் உண்டு, சீனரும் உண்டு.

அன்றைக்கு நாங்கள் இருக்கிற பினாங்குத் தீவில் இன்னொரு விழா. சீனர்களின் குவான் யின் தெய்வத்துக்குப் பெரிய ஊர்வலம். அன்னம்மாள் கோவிலிலிருந்து திரும்புகிற கூட்டமும், ஊர்வலம் பார்க்கப் போகிற கூட்டமும் சாயங்காலம் ஒரே நேரத்தில், தீவுக்கு எதிரே பெருநிலக் கரையில் இருக்கிற பட்டர்வொர்த் ஃபெர்ரி முனையத்தில் வந்து சேர்ந்தன. மேல்தளம் பாரம் தாங்கவில்லை. இடிந்து, கீழே நின்றவர்கள் மேல் விழுந்தது. 32 பேர் இறந்தார்கள். காயம்பட்டவர்கள் 1,600 பேருக்கும் மேல்.

அம்மா மேலே நின்றவர். பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கால் முறிந்தது. அம்மாவுக்கு விலாவில் அடி. கையில் வைத்திருந்த செம்பு நசுங்கியது அப்போதுதான். கோவில் தீர்த்தம் பிடித்துவரக் கொண்டுபோன செம்பு. தீர்த்தம் முழுக்கக் கொட்டிப்போய்விட்டது. அம்மாவுக்குப் பக்கத்தில், இடுப்புக்குக் கீழே எதுவோ அழுத்திக்கொண்டிருக்க, ஒரு சீனப் பெண் கிடந்தாளாம். அம்மா வயதுதான் இருக்கும். பூப்போட்ட சட்டை. அவள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஹொக்கியெனில் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறாள். அம்மாவுக்கு ஹொக்கியென் சந்தையில் பேரம் பேசுகிற அளவுக்குத்தான் தெரியும். அவள் சொன்னதில் ஒரே ஒரு சொல் புரிந்தது: 'சுயி'. தண்ணீர். செம்பில் ஒரு சொட்டு இல்லை.

ஆட்கள் வந்து அம்மாவை முதலில் தூக்கினார்கள். அவளுக்கு என்ன ஆயிற்று என்று இன்றுவரை தெரியாது.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நான் பதினொரு வருஷமாக ஒரு சிறு குழுவோடு ஓடிக்கொண்டிருக்கிறேன். பல சமயத்தவர் சேர்ந்து வருஷம் முழுக்கச் சில நினைவு நாள்களை நடத்துகிறோம். 'மத நல்லிணக்கமா? நல்ல விஷயம்தான், ஆனால் உனக்கு எதுக்கு இந்த வேலை' என்று அலுவலகத்தில் கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் இந்தச் செம்பிலிருந்துதான் ஆரம்பிக்கும்.

பினாங்குக்கு வெளியே இருக்கிறவர்களுக்கு ஊரைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஜார்ஜ் டவுனில் மஸ்ஜித் கப்பித்தான் கெலிங் சாலை என்று ஒன்று உண்டு. பழைய பெயர் பிட் ஸ்ட்ரீட். 1818-இல் கட்டிய செயின்ட் ஜார்ஜ் தேவாலயம் ஒரு முனையில். கொஞ்சம் நடந்தால் சாம்பிராணிப் புகையும் ஊதுவத்திப் புகையும் எந்நேரமும் கலந்து நிற்கிற குவான் யின் கோவில். அதற்கும் பின்னால் குயின் ஸ்ட்ரீட்டில் கோபுரத்தோடு மகா மாரியம்மன். அப்புறம் தென்னிந்திய முஸ்லிம்கள் எழுப்பிய கப்பித்தான் கெலிங் மசூதி. சூலியா ஸ்ட்ரீட் பக்கம் திரும்பினால் நாகூர் தர்கா, நாகூரில் அடங்கியிருக்கும் ஷாஹுல் ஹமீது வலியுல்லாவின் நினைவாகக் கட்டியது. எல்லாம் பத்துப் பதினைந்து நிமிட நடைக்குள். 2008-இல் யுனெஸ்கோ இந்த ஊரை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது, இப்படிப் பல சமயங்கள் நெருங்கி வாழ்ந்த தடமும் அதற்கு ஒரு காரணம்.

'நல்லிணக்கத் தெரு' என்று இதைச் சொல்கிறார்கள். சுற்றுலாப் பயணிகளுக்கு நல்ல பெயர். ஆனால் கட்டடங்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதாலேயே ஆட்களும் அப்படி நிற்பார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. 1998 மார்ச்சில் இதே பினாங்கில், கம்போங் ராவாவில், ஒரு கோவிலையும் மசூதியையும் ஒட்டி எழுந்த பூசல் தெரு வரைக்கும் வந்தது. எனக்கு 23 வயது. வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம். அந்த வாரம் எங்கள் அடுக்குமாடியில் கதவுகள் எல்லாம் சாத்தியே இருந்தன. தமிழ் பேசுகிற இந்துவும் தமிழ் பேசுகிற முஸ்லிமும் லிஃப்டில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. தினமும் ஒரே கடையில் தேநீர் குடிக்கிறவர்கள்.

அந்த மாதமே எங்கள் மாடியில் ஒரு சாவு. மூன்று வீடு தள்ளி இருந்த உம்மா, பழுத்த கிழவி. தூக்கத்திலேயே போய்விட்டார். செய்தி காதில் விழுந்ததும் அம்மா முகத்தைக் கழுவி, சேலை மாற்றிக்கொண்டு கிளம்பினார். அப்பா தயங்கினார்.

"இப்ப இருக்கிற நிலைமையில போகணுமா? கூப்பிடக்கூட இல்லையே."

"நல்லதுக்குத்தான் கூப்பிட்டா போகணும். கெட்டதுக்குக் கூப்பிடாமயே போகணும்" என்றார் அம்மா. போய்விட்டார்.

நான் பின்னாடியே ஓடினேன். அந்த வீட்டு வாசலில் ஆண்கள் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். அம்மாவைப் பார்த்ததும் வழி விட்டார்கள். உள்ளே பெண்கள் குர்ஆன் ஓதிக்கொண்டிருந்தார்கள். உம்மாவின் மகள் அம்மாவைக் கண்டதும் எழுந்து வந்து தோளில் சாய்ந்து அழுதார். அவ்வளவுதான். சொற்பொழிவு கிடையாது, மேடை கிடையாது. மறுநாளிலிருந்து எங்கள் மாடியில் ஒவ்வொரு கதவாகத் திறக்க ஆரம்பித்தது.

அம்மா அன்று சொன்னது நம் எல்லார் வீட்டிலும் புழங்குகிற பேச்சுதான். கல்யாணத்துக்குப் பத்திரிகை வேண்டும், சாவுக்கு வேண்டாம். ஆனால் மத நல்லிணக்க நிகழ்ச்சி என்று வருகிறபோது நாம் இதைத் தலைகீழாகச் செய்கிறோம் என்று எனக்குப் பல வருஷமாகத் தோன்றுகிறது. எங்கு பார்த்தாலும் விழாக்களை வைத்துத்தான் ஒற்றுமை. தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பு, ஹரி ராயா திறந்த இல்ல உபசரிப்பு, சீனப் புத்தாண்டு விருந்து. நான் இவற்றைக் குறைத்துப் பேசவில்லை. என் பிள்ளைகள் கெத்துப்பாட்டும் முறுக்கும் நியான் காவோவும் ஒரே தட்டில் வைத்துத் தின்று வளர்ந்தவர்கள். ஆனால் விருந்தில் நாம் விருந்தாளி. நல்ல துணி போட்டுக்கொண்டு போய், நல்லதைத் தின்றுவிட்டு, நல்ல வார்த்தை சொல்லிவிட்டு வந்துவிடலாம். துக்கத்தில் உட்காருகிறவன் விருந்தாளியாக இருக்க முடியாது. உட்காருகிற பாயில் பாதியை அவன் எடுத்துக்கொள்கிறான்.

பிப்ரவரி முதல் வாரம் உலக சமய நல்லிணக்க வாரம். ஜோர்டான் மன்னர் இரண்டாம் அப்துல்லா முன்மொழிந்து, ஐ.நா. பொதுச்சபை 2010 அக்டோபரில் ஏற்றுக்கொண்டது. பினாங்கில் அந்த வாரத்தையொட்டி நடைப்பயணம், உரை, பாட்டு எல்லாம் நடக்கும். எங்கள் குழுவிலும் பாதிப் பேர் அப்படி ஒரு நடையில் அறிமுகமானவர்கள்தான். பல வருஷங்களில் அந்த வாரத்தை ஒட்டியே தைப்பூசமும் சீனப் புத்தாண்டும் வந்துவிடும். வெள்ளி ரதம் பினாங்கு ஸ்ட்ரீட் கோவில் வீட்டிலிருந்து தண்ணீர்மலைக்குப் போகிற வழியெல்லாம் சீனர்கள் மலை மலையாகத் தேங்காய் குவித்து வைத்து உடைப்பார்கள். ஓட்டைக் கூட்டி வாரவே ஒரு படை வேண்டும். வழி நெடுகத் தண்ணீர்ப் பந்தல்கள். போட்டவர் யார் என்று பார்த்துக் குடிக்கிறவர் யாரும் இல்லை.

அப்படி ஒரு பிப்ரவரி நடையில் நாங்கள் ஏழு பேர் கடைசியில் ஒரு கொப்பித்தியாமில், அதாவது சீனக் காப்பிக் கடையில், உட்கார்ந்தோம். சூலியா ஸ்ட்ரீட்டில் பணமாற்றுக் கடை வைத்திருக்கும் பாய். பொது மருத்துவமனையில் தாதியாக இருந்து ஓய்வுபெற்ற ஒரு சீன அம்மாள், புத்த சமயத்தவர், மகிந்தராம விகாரைக்குப் போகிறவர். ஒரு மலாய் ஆசிரியர். ஆசிரியரை மலாயில் 'சிக்கு' என்பார்கள், நாங்களும் அப்படியே கூப்பிடுகிறோம். ஒரு சீக்கியப் பெரியவர். தேவாலயப் பாடற்குழுவில் இருக்கும் கணவன் மனைவி. அப்புறம் நான். பேச்சு எங்கெங்கோ போய் ஃபெர்ரி முனையத்தில் வந்து நின்றது. தாதி அம்மாள் கரண்டியைக் கீழே வைத்தார். அன்று இரவுப் பணியில் இருந்தவர் அவர். விடிய விடிய ஆட்களைக் கொண்டுவந்துகொண்டே இருந்தார்களாம். பல பேரிடம் அடையாள அட்டை இல்லை. கழுத்தில் ஜெபமாலை இருக்கிறதா, கையில் சிவப்புக் கயிறு இருக்கிறதா என்று பார்த்துத்தான் யார் வீட்டுக்குச் சொல்வது என்று யோசித்திருக்கிறார்கள். "அதுகூடத் தப்பாகப் போனது. ஜெபமாலை போட்டிருந்த ஒரு பெண்ணைத் தேடி வந்தது இந்துக் குடும்பம்" என்றார். எனக்கு உடம்பு சிலிர்த்தது. அந்தப் பெண் என் அம்மாவாகவே இருந்திருக்கலாம். அக்கா கொடுத்த ஜெபமாலை அன்று அம்மா கழுத்திலும் இருந்தது.

அந்த மேசையிலேயே முடிவு செய்தோம். ஜூலை 31 அன்று கடற்கரையில் கூடுவது. எதிரே பட்டர்வொர்த் தெரிகிற இடமாக, கோட்டைக்குப் பக்கத்தில், பாடாங் கோத்தா.

முதல் வருஷம் தப்பு நடந்தது. தப்பு என்னுடையது. நிகழ்ச்சி நிரல் எழுதியவள் நான். 'அனைவரும் சேர்ந்து குத்துவிளக்கு ஏற்றுதல், தொடர்ந்து கூட்டுப் பிரார்த்தனை' என்று போட்டேன். எனக்கு அது இயல்பாகப் பட்டது. விளக்கு ஏற்றும்போது பார்க்கிறேன், சிக்குவும் அவர் மனைவியும் பத்தடி தள்ளி ஒரு மரத்தடியில் நிற்கிறார்கள். பாயும் மெல்ல அந்தப் பக்கம் நகர்ந்திருந்தார். பாடற்குழுத் தம்பதியரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். விளக்கைச் சுற்றி இருந்தது எங்கள் ஆட்கள் மட்டும். அன்று இரவு எனக்குத் தூக்கம் இல்லை. மறுநாள் சிக்குவே வீட்டுக்கு வந்தார். கோபம் இல்லை. மலாயில் அவர் சொன்னதை அப்படியே தமிழில் வைக்கிறேன்: "உங்களோடு சேர்ந்து அழ வந்தேன். சேர்ந்து வணங்க என்னால் முடியாது. இரண்டும் வேறு வேறு. அழுவதற்கு மட்டும் ஒரு இடம் செய்து கொடுங்கள்."

நான் இதுவரை கேட்ட எத்தனையோ நல்லிணக்க உரைகளில் இவ்வளவு தெளிவாக யாரும் சொன்னதில்லை. எல்லா சமயமும் ஒன்றே என்று நாம் சட்டென்று சொல்லிவிடுகிறோம். பாசத்தில் சொல்வதுதான். ஆனால் அப்படிச் சொல்லும்போது எதிரில் இருப்பவர் தன் நம்பிக்கையில் எதையாவது விட்டுக்கொடுத்தால்தான் நம்மோடு நிற்க முடியும் என்று ஆகிவிடுகிறது. துக்கத்துக்கு அந்த நிபந்தனை கிடையாது.

சரி, விளக்கு வேண்டாம், ஊதுவத்தி வேண்டாம், கூட்டு ஜெபம் வேண்டாம். பிறகு என்னதான் செய்வது? வெறுமனே நின்றுவிட்டு வர முடியாது. கைக்கு ஒரு வேலை வேண்டும். பாய் கடையில் உட்கார்ந்து இரண்டு மூன்று சாயங்காலம் பேசினோம். ஒவ்வொருவரும் தங்கள் வீட்டில் ஒருவர் இறந்தால் என்ன செய்வார்கள் என்று, ஒளிக்காமல், ஆரம்பம் முதல் கடைசி வரை சொல்வது என்று வைத்துக்கொண்டோம். பல வருஷம் பழகியும் நாங்கள் ஒருவருக்கொருவர் கேட்டுக்கொள்ளாத விஷயம்.

கபுரில் மண் மூடியதும் மேலே தண்ணீர் தெளிப்போம் என்றார் பாய். பெருநாள் காலையில் கல்லறைக்குப் போய், நறுக்கிய பாண்டான் இலையும் பூவும் தூவி, பன்னீர் ஊற்றுவார்கள் மலாய்க்காரர்கள் என்றார் சிக்கு. தாதி அம்மாள் சொன்னது எனக்குப் புதிது: விகாரையில் இறந்தவருக்குப் புண்ணியம் சேர்க்கும்போது, பிக்குகள் ஓத ஓத, குடும்பத்தார் ஒரு கூஜாவிலிருந்து கிண்ணத்தில் நீர் வார்ப்பார்களாம். கிண்ணம் நிறைந்து வழிய வேண்டும், நடுவில் நிறுத்தக் கூடாது. செங் பெங் அன்று சீனர்கள் கல்லறை முன்னால் சின்னச் சின்னக் கோப்பையில் தேநீர் ஊற்றி மண்ணில் விடுவார்கள் என்றும் அவரே சொன்னார். கல்லறைத் திருநாளில் பாதிரியார் ஒவ்வொரு கல்லறையாகத் தீர்த்தம் தெளித்துக்கொண்டு போவார், நவம்பர் 2. சீக்கியர்கள் அஸ்தியை ஓடும் நீரில் கரைப்பார்கள். என் முறை வந்தபோது நான் எள்ளும் தண்ணீரும் சொன்னேன், ஆடி அமாவாசை சொன்னேன், அப்பா இறந்தபோது அண்ணன் தோளில் சுமந்த கொள்ளிக்குடத்தைச் சொன்னேன். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு ஓட்டை போடுவார்கள், தண்ணீர் பீச்சிக்கொண்டு வரும், அண்ணன் முதுகெல்லாம் நனைந்து போயிருந்தது.

பாய்தான் கவனித்தார். "அக்கா, எல்லாருமே தண்ணிதான் சொல்றோம்."

அப்புறம் யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

அப்படித்தான் 32 செம்பு வந்தது. ஜூலை 31 சாயங்காலம் ஆளுக்கொரு பாத்திரம் வீட்டிலிருந்து கொண்டுவருவோம், குழாய்த் தண்ணீரோடு. பித்தளைச் செம்பு, எவர்சில்வர் டம்ளர், பீங்கான் தேநீர்க் கூஜா, பிளாஸ்டிக் ஜாடி, ஒரு வருஷம் ஒரு பையன் கொண்டுவந்த மைலோ டின். மொத்தம் 32 ஆகும்படி பார்த்துக்கொள்வோம். கடல் தடுப்புச் சுவர் மேல் வரிசையாக வைப்போம். யாராவது ஒருவர் அந்த நாளில் நடந்ததை ஐந்து நிமிடம் சொல்வார். அப்புறம் ஒவ்வொருவராகப் போய் ஒரு பாத்திரத்தை எடுத்துக் கடலில் ஊற்றுவோம். ஊற்றும்போது மனதுக்குள் யார் என்ன ஓதுகிறார்கள் என்பது அவரவர் விஷயம். வாய் திறந்து யாரும் எதுவும் சொல்வதில்லை. மக்ரிப் தொழுகைக்கு முன்னால் முடிந்துவிட வேண்டும். சாப்பாடு சைவம்தான், அதுவும் எல்லாரும் தயங்காமல் கை வைக்கிற சமையலாகப் பார்த்துச் சொல்வோம். பெரும்பாலும் பீ ஹூன், கடலை, கொஞ்சம் கேசரி.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பினாங்கு குழாய்களில் வருகிற தண்ணீரில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் சுங்கை மூடா ஆற்றுத் தண்ணீர். கெடா காடுகளில் பிறந்து, பெருநிலத்தில் சுத்தமாகி, கடலுக்கடியில் குழாய் வழியே தீவுக்கு வருகிறது. ஒரு வீட்டிலிருந்து வந்த கூஜாவிலும் இன்னொரு வீட்டிலிருந்து வந்த செம்பிலும் இருந்தது பெரும்பாலும் ஒரே ஆறு. இதை முதன்முதலில் சிக்கு வரைபடம் போட்டுக் காட்டியபோது எனக்குப் பெரிய சந்தோஷம்.

ஜூலை இப்படி வேர் பிடித்த பிறகுதான் மற்ற நாள்கள் வந்தன. ஏப்ரலில் செங் பெங் சமயத்தில் பத்து லாஞ்சாங் பக்கம் கல்லறைகளைச் சுத்தம் செய்யப் போவோம், கோத்தோங் ரோயோங், ஊர் கூடிச் செய்கிற வேலை. நாகூர் தர்கா கந்தூரிக்குக் கொடியேற்றம் பார்க்கப் போவோம், அது நடத்துகிறவர்கள் விழா, நாங்கள் கூட்டத்தில் நிற்பதோடு சரி. நோன்பு மாதத்தில் பாய் வீட்டிலிருந்து கஞ்சி வரும்.

டிசம்பர் 26 மட்டும் வேறு மாதிரி. 2004-இல் அன்றும் ஞாயிற்றுக்கிழமை. சுமத்ரா பக்கம் காலை ஒன்பதை ஒட்டிப் பூமி அதிர்ந்தது. பினாங்குக் கரைக்கு அலை வந்தது மத்தியானம் ஒரு மணிக்கு மேல். நான்கு மணி நேரம் இருந்தது, யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. விடுமுறை நாள், குடும்பம் குடும்பமாகக் கடலில் குளித்துக்கொண்டிருந்தார்கள். மலேசியாவில் இறந்த 68 பேரில் 52 பேர் பினாங்கில். அந்த நாளுக்கும் தண்ணீர் ஊற்றலாம் என்று நாங்கள் முதலில் நினைத்தோம். பிள்ளையை அன்று பறிகொடுத்த ஒரு தாய் எங்களோடு வருகிறார். "கடலுக்கு நான் தண்ணி குடுக்க மாட்டேன்" என்றார். எங்களுக்கு அப்போதுதான் உறைத்தது. அதனால் டிசம்பரில் கடலுக்கு முதுகு காட்டி மரத்தடியில் உட்காருவோம். பாத்திரம் கிடையாது. இறந்தவர்களைப் பற்றி வீட்டார் பேசுவார்கள், நாங்கள் கேட்போம். என்ன பிடிக்கும், எப்படிச் சிரிப்பான், எந்தப் பாடத்தில் தோற்றான். போன வருஷம் அந்தத் தாய் மகனின் சைக்கிளைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

நவம்பரில் போரில் இறந்தவர்களின் நினைவு. எஸ்பிளனேடு நினைவுத்தூணில் முன்னாள் வீரர்கள் மலர்வளையம் வைப்பார்கள். சீன சமூகத்துக்கு ஆயர் ஈத்தாமில் தனி நினைவிடம் உண்டு. நமக்கு இதில் என்ன என்று கேட்கும் இளைய பிள்ளைகளுக்கு நான் ஒரு தமிழரைப் பற்றிச் சொல்வேன். 1941 டிசம்பர் 11 அன்று ஜப்பானிய விமானங்கள் ஜார்ஜ் டவுன் மேல் குண்டு போட்டன. தெருவில் நின்று அண்ணாந்து வேடிக்கை பார்த்த ஜனங்கள் நூற்றுக்கணக்கில் செத்தார்கள். சில நாளில் ஆங்கிலேயர்கள் தங்கள் இனத்தவரை மட்டும் இரவோடு இரவாக ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். கைவிடப்பட்ட ஊரில் எல்லா இனத்தவரையும் சேர்த்து ஒரு குழு அமைத்து நிர்வாகத்தைக் கையில் எடுத்தவர் 'ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ' பத்திரிகை ஆசிரியர் சரவணமுத்து, இலங்கைத் தமிழர். குண்டு விழுவது நிற்க வேண்டும் என்று கார்ன்வாலிஸ் கோட்டையில் பறந்த ஆங்கிலக் கொடியை இறக்கியவரும் அவரே. நாங்கள் ஜூலையில் செம்பு வைக்கிற சுவருக்கும் அந்தக் கோட்டைக்கும் கூப்பிடு தூரம்தான்.

நவம்பரில் எனக்குச் சொந்தமாகவும் ஒரு கணக்கு இருக்கிறது. அம்மாச்சியின் அண்ணன் புரோவின்ஸ் வெல்லஸ்லி தோட்டமொன்றிலிருந்து ஜப்பானியர் போட்ட சயாம்-பர்மா ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோகப்பட்டவர். 415 கிலோமீட்டர், 1943 அக்டோபரில் தண்டவாளம் சேர்ந்தது. தாய்லாந்தின் காஞ்சனபுரியில் போர்க்கைதிகளுக்கு அழகான கல்லறைத் தோட்டம் இருக்கிறது. ஏறக்குறைய 7,000 பேர், பெரும்பாலோருக்குப் பெயர் பொறித்த கல். நான் போய் வந்தேன். புல்லைக்கூட அளந்து வெட்டியிருக்கிறார்கள். பல்லாயிரக்கணக்கில் செத்த தமிழ்த் தொழிலாளர்களுக்கு அப்படிப் பெயர்ப் பட்டியல் கிடையாது. அம்மாச்சி சாகும்வரை அண்ணனுக்குத் திதி கொடுக்கவில்லை. எந்த நாள் என்று தெரியாதே. நவம்பர் கூட்டத்தில் நான் அவர் பெயரைச் சொல்கிறேன். சத்தமாகச் சொல்கிறேன். சீக்கியப் பெரியவர் தன் மாமாவின் பெயரைச் சொல்வார். தாதி அம்மாள் ஜப்பானியர் இழுத்துப்போன தன் தாத்தா பெயரைச் சொல்வார். வேறு எங்கும் எழுதப்படாத பெயர்கள், அந்த அரைமணி நேரம் மட்டும் பத்துப் பதினைந்து பேர் காதில் இருக்கும்.

பிப்ரவரி நடைக்கு நூற்றுக்கணக்கில் வருவார்கள். ஜூலைக்கு நாற்பதைத் தாண்டினால் பெரிது. சென்ற ஆண்டு ஒரு அலுவலகத்திலிருந்து கூப்பிட்டு, இதைப் பெரிதாகச் செய்யலாம், மேடை, ஒலிபெருக்கி, ஒரே நிறத்தில் டி-சட்டை எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். நல்ல மனதோடுதான் சொன்னார்கள். நாங்கள் வேண்டாம் என்றுவிட்டோம். சாவு வீட்டுக்கு யாரும் சீருடையில் போவதில்லை.

அம்மாவுக்கு இப்போது 81 வயது. சக்கர நாற்காலியில்தான் கூட்டிக்கொண்டு போகிறோம். இந்த ஜூலையும் வந்தார். செம்பை மடியில் வைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. 32 பாத்திரமும் சுவர் மேல் ஏற்கெனவே இருந்தன. அம்மாவுடையது எப்போதும் அந்தக் கணக்கில் சேராது. எல்லாரும் ஊற்றி முடித்து, எதிர்க்கரையிலிருந்து ஃபெர்ரி ஒன்று புறப்பட்டு நடுக்கடலுக்கு வந்துகொண்டிருந்தது. புதிதாகக் குழுவில் சேர்ந்திருந்த சீனப் பெண் ஒருத்தி, கல்லூரி மாணவி, அம்மாவின் செம்பில் தண்ணீர் அப்படியே இருப்பதைப் பார்த்துவிட்டுக் குனிந்து மலாயில் கேட்டாள், பாட்டி, நான் ஊற்றட்டுமா என்று.

அம்மா செம்பை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார்.

"செத்தவங்களுக்குத்தாம்மா ஊத்தறது. அவ செத்தாளான்னு எனக்குத் தெரியாதே."

நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். அந்தப் பெண் கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். அப்புறம் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, ஹொக்கியெனில், மெதுவாக, "பாட்டி, தாகமாக இருக்கிறது, சுயி" என்றாள். அம்மாவுக்கு அந்தச் சொல் புரிந்தது. செம்பைச் சாய்த்துப் பிடித்தார். அவள் உள்ளங்கையைக் குவித்து வாங்கிக் குடித்தாள்.